வியாழக்கிழமை வண்டி

பணத்தை எண்ணி வாங்கி ரசீது போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அத்தை சொல்லி அனுப்பிய நன்றியைத்தான் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

கூடலூரிலிருந்து நாடுகாணி மலைப்பாதை இறங்கினால் வழிக்கடவு, எடக்கரை, சுங்கத்தரை, பிறகு நிலம்பூர். மலப்புறம் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். அந்தச் சாலையை ஒட்டிய ஒரு பஞ்சாயத்தில், உரக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடக்கிறது அந்தப் பாலியேட்டிவ் கிளினிக். குணமாக்க முடியாத நோயோடு வீட்டில் படுத்திருப்பவர்களின் வலியைக் குறைப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, குடும்பத்துக்குத் துணையாக நிற்பது இவையெல்லாம் இங்கே வேலை. ஒரு பழைய ஆம்னி வேன், சம்பளத்துக்கு ஒரு நர்ஸ், வாரத்தில் ஒரு நாள் வந்து பார்க்கும் டாக்டர். மீதி எல்லாம் ஊர்க்காரர்கள்.

எங்கள் குடும்பம் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கூடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. தேயிலைக் கூலி கட்டுப்படியாகாமல் மாமா மலையிறங்கி ரப்பர் பால்வெட்டுக்குப் போனார். அத்தையும் கூடப் போனாள். அங்கேயே காலம் ஓடி, கடைசியில் மாமாவுக்கு வாயில் புற்று. வெற்றிலையும் புகையிலையும் கொடுத்த பரிசு. கதிர்வீச்சு, மருந்து எல்லாம் முடிந்த பிறகு, இனி வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு மாமா உயிரோடு இருந்த மாதங்களை இந்த வேன்தான் சுமந்தது.

மாமா போன பிறகு அத்தை தன் மகள் வீட்டுக்கு, கூடலூருக்கே திரும்பிவிட்டாள். ஆடு விற்ற காசில் கொஞ்சத்தை ஒரு கவரில் போட்டு என் கையில் திணித்தாள். "நம்ம ஜனமா, நம்ம பாஷையா? எல்லாத்தையும் அவங்கதான்பா பாத்தாங்க. நேர்ல போய்ச் சொல்லிட்டு வா. போன்ல சொல்ற விஷயமில்ல இது."

பொருளாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எல்லோரும் மாஷ் என்கிறார்கள். அத்தை சொன்னதை எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவரோரம் வரிசையாக வைத்திருந்த தகர உண்டியல்களைக் காட்டினார். கடைகளில், ஓட்டலில், முடிதிருத்தும் நிலையத்தில் வைத்துவிட்டு மாதம் ஒருமுறை எடுத்து வருபவை.

"நன்றியை யாரிடம் சேர்க்கச் சொல்கிறீர்கள்? இதில் காசு போட்டது யாரென்று எனக்கே தெரியாதே."

பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "வேன் கிளம்பப் போகிறது. இடம் இருக்கிறது. போய்ப் பாருங்கள்."

மே மாதத்து வெயில் ஒன்பது மணிக்கே ஏறியிருந்தது. வேனில் ஓட்டுநர், நர்ஸ் சேச்சி, இரண்டு தொண்டர்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுபவர், வியாழக்கிழமை மட்டும் ஆட்டோவை வீட்டில் நிறுத்திவிட்டு வருகிறார். இன்னொருவர் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெண்மணி. எல்லோருக்கும் அவர் டீச்சர். என் காலடியில் நர்ஸின் பை. கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த கத்தரி, இடுக்கி வைத்த எவர்சில்வர் டப்பா, பஞ்சு, காஸ் துணிச் சுருள், சிறுநீர்க் குழாய்கள், பைகள், கையுறை, மாத்திரைப் பொட்டலங்கள். பின்னால் மடித்து வைத்த ஒரு தண்ணீர் மெத்தை. ஒரு மூட்டையில் அரிசி, பயறு, தேங்காய் எண்ணெய். அரிசியும் மருந்துக் கணக்கில்தான் வரும் என்றார் நர்ஸ். சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்ட வீட்டில் மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு வர முடியாது.

போகும்போதே எனக்கு விதிகள் சொல்லப்பட்டன. போட்டோ கூடாது. நோயாளி கூப்பிட்டால்தான் உள்ளே. பேர், ஊர் எழுதக் கூடாது. "அப்புறம், பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்," என்றார் டீச்சர். "அதைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு அலுத்துப்போயிருக்கும்."

முதல் வீடு ரப்பர்த் தோட்டத்துக்குப் பின்னால். எழுபதைத் தாண்டிய ஓர் உம்மா. மார்பில் புற்று, வெளியே புண்ணாக வெடித்திருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரியும் என்று எதிர்பார்த்த வாடை இல்லை. நர்ஸிடம் பிறகு கேட்டேன். வயிற்றுப்போக்குக்கு நாம் விழுங்குகிற மெட்ரோனிடசோல் மாத்திரைதான், அதையே பொடித்துப் புண்ணில் தூவுகிறார்கள். நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகள் அதில் செத்துவிடும். சில ரூபாய் மாத்திரை. ஆனால் அது வருவதற்கு முன்னால், பேரப் பிள்ளைகள் இந்த அறைக்குள் வராமல் இருந்திருக்கிறார்கள். பெரியவர்களும் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் பார்த்தபோது ஒரு பேத்தி கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தாள்.

நர்ஸ் புண்ணைக் கழுவிக் கட்ட அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் டீச்சர் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒரு சம்பந்தி வீட்டில் நடந்த சண்டையைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிக் கதை பொய் என்று எனக்குப் பட்டது. உம்மா சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஒருமுறை கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தொண்டர்களுக்கு 16 மணி நேரப் பயிற்சி உண்டு. அதோடு நர்ஸ் கூடவே போய்ப் பார்த்துப் பழக வேண்டும். நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது, 'எல்லாம் சரியாயிடும்' என்று ஏன் சொல்லக் கூடாது என்பதெல்லாம் பாடத்தில் இருக்கிறது. சம்பந்திச் சண்டை பாடத்தில் இருக்க வாய்ப்பில்லை.

வலி எவ்வளவு என்று நர்ஸ் கேட்டார். பத்து விரலைக் காட்டினால் தாங்கவே முடியாத வலி, கையை மூடிக்கொண்டால் வலியே இல்லை. உம்மா இரண்டு விரலைக் காட்டினார். ஒரு காலத்தில் இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு கிடந்தவர் என்று மகன் சொன்னார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் மாத்திரை. கூடவே மலம் இளக ஒரு மாத்திரை, ஏனென்றால் மார்ஃபின் வயிற்றைக் கட்டிவிடும். இந்த இரண்டாவது மாத்திரையை மறந்தால் வலி போய் வேறொரு வதை வரும். மகனிடம் நர்ஸ் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த மார்ஃபின் விஷயத்தில் நம் நாட்டைப் பற்றி வெட்கப்பட நிறைய இருக்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்றிலும் அரசாங்க அனுமதியோடு கசகசாச் செடி பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசின் அபின் ஆலைகள் உண்டு. உலகத்துக்கே சட்டப்படி அபின் ஏற்றுமதி செய்த நாடு இது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, ஒரு புட்டி மார்ஃபினுக்குப் பல உரிமங்கள் வேண்டும் என்று ஆகிவிட்டது. மருந்துக்கடைக்காரர்கள் வைத்துக்கொள்ளவே பயந்தார்கள். பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் அந்த மருந்தைக் கையில் எடுத்துப் பார்க்காமலே படித்து முடித்தார்கள். 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1990-களின் இறுதியில், கேரளம் தன் விதிகளை எளிதாக்கிக்கொண்டிருந்தது. மாமா போன்ற ஒருவருக்கு மலையடிவாரத்துக் குடிசையில் மார்ஃபின் கிடைத்ததற்கு யாரோ கோப்புகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கசகசாக் காயைக் கீறிவிட்டால் பால் வடியும். அது உறைந்ததும் மறுநாள் சுரண்டி எடுப்பார்கள். ரப்பர் மரத்தில் மாமா செய்ததும் ஏறக்குறைய அதேதான். விடியுமுன் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் பிடித்து வாழ்ந்தவருக்குக் கடைசிக் காலத்தில் தூக்கம் கொடுத்தது எங்கோ வடக்கே யாரோ கீறி எடுத்த பால். மாமாவிடம் சொல்லியிருந்தால் ரசித்திருப்பார்.

இரண்டாவது வீட்டில்தான் நன்றியைப் பற்றி எனக்குச் சரியான பாடம் கிடைத்தது. முப்பதுகளில் இருக்கும் ஓர் இளைஞர். பாக்கு மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கேரளத்தில் தென்னையும் பாக்கும் இப்படிப் படுக்கவைத்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். புற்றுநோயாளிகளோடு இவர்களையும் சேர்த்துக்கொண்டது இந்த இயக்கத்தின் சிறப்பு. இந்த இளைஞர் விழுவதற்கு முன் திருப்பூரில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவர், நல்ல தமிழ் பேசுகிறார். நர்ஸ் சிறுநீர்க் குழாய் மாற்றும்போது நான் திண்ணையில் இருந்தேன். முடிந்ததும் சக்கர நாற்காலியில் வெளியே வந்தார்.

திண்ணை முழுக்கக் குடைகள். ஜூன் 1 பள்ளி திறக்கும், கூடவே மழையும் வரும். அதற்குள் முடிக்க வேண்டிய வேலை குவிந்து கிடக்கிறது. கம்பிகளில் துணியை வைத்துத் தைத்து, முனைக்கு முனை கட்டிக்கொண்டே பேசினார். இப்படி முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் குடை செய்து விற்பது கேரளத்தில் பல இடங்களில் நடக்கிறது. பாலியேட்டிவ்காரர்கள் துணியும் கம்பியும் வாங்கிக் கொடுத்துப் பழக்குவார்கள். பள்ளிகளில் போய் விற்றுக் கொடுப்பார்கள்.

"இவங்க எல்லாம் ரொம்ப உதவியா இருக்காங்க இல்ல?" என்று கேட்டேன். கேட்ட விதமே சரியில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது.

"அண்ணா, விழுந்த புதுசுல ஃப்ளெக்ஸ் வச்சாங்க. என் போட்டோ போட்டு. ஒரு பஸ் முதலாளி ஒரு நாள் கலெக்ஷன் முழுசும் குடுத்தார். கிளப் பசங்க பிரியாணி வித்துக் குடுத்தாங்க. எல்லாம் நல்ல மனுஷங்க. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்கப்புறம் ரோட்டுல யாரப் பாத்தாலும் கைய கூப்பணும். பிரியாணி வாங்கித் தின்னவனுக்கும் கைய கூப்பணும். ஒரு நாள் யார்கிட்டயோ கோவமாப் பேசிட்டேன். 'இவனுக்குப் போயா செஞ்சோம்'னு காது பட சொன்னான்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இந்த வண்டி வரும்போது நான் சிடுசிடுன்னு இருந்தாலும் வரும். போன மழைக்கு ரெண்டு மாசம் சேச்சிகிட்ட நான் பேசவே இல்ல. வந்தாங்க, டியூப் மாத்தினாங்க, போனாங்க."

நர்ஸ் உள்ளிருந்தே குரல் கொடுத்தார். "இரண்டு மாதம் இல்லை, மூன்று."

பேருந்து வசூலும் பிரியாணியும் கேரளத்தில் சாதாரணமாக நடப்பவை. ஒரு வழித்தடத்தில் ஓடும் தனியார் பேருந்துகளில் ஒரு நாள் முழுக்க டிக்கெட் கிழிக்காமல் வாளியை நீட்டுவார்கள். மிச்சச் சில்லறையை யாரும் கேட்க மாட்டார்கள். எத்தனையோ அறுவை சிகிச்சைகள் அப்படி நடந்திருக்கின்றன. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்த இளைஞர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவர் முகத்தைப் பதாகையில் போட்டுத் திரட்டும் பணம் அவரை ஊருக்கே கடனாளி ஆக்கிவிடுகிறது. உண்டியலில் விழுகிற பத்து ரூபாயில் யாருடைய முகமும் இல்லை. போட்டவருக்கு அது யாருக்குப் போகிறது என்று தெரியாது, வாங்குகிறவருக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று தெரியாது. நம் பக்கத்து மொய் நோட்டில் பெயரும் தொகையும் இருக்கும். திருப்பிச் செய்தால்தான் கணக்குத் தீரும். விசேஷத்துக்கு அது சரி. படுத்த படுக்கையாகிவிட்டவர் எங்கே போய்த் திருப்பிச் செய்வார்?

ஒரு குடை வாங்கிக்கொண்டேன். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. கூட்டிக் கொடுக்கவும் விடவில்லை.

மதியச் சாப்பாடு டீச்சர் வீட்டில். கப்பையும் மத்திக் கறியும். ஆட்டோக்காரரிடம் பழைய கதையைக் கேட்டேன். அவருக்குத் தெரிந்தது பாதி, நான் படித்திருந்தது பாதி. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் சேர்ந்து பெயின் அண்ட் பாலியேட்டிவ் கேர் சொசைட்டியைத் தொடங்கினார்கள். நல்ல சிகிச்சைதான். ஆனால் அங்கே வந்து சேர முடிந்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது. எழுந்து உட்காரவே முடியாதவர் நிலம்பூரிலிருந்து கோழிக்கோட்டுக்கு எப்படிப் போவார்? அடுத்த சில ஆண்டுகளில் மலப்புறம் மாவட்டத்தில் வேலை ஊர்க்காரர்கள் கைக்கு வந்தது. டாக்டரும் நர்ஸும் ஊர் ஆட்களுக்குத் துணையாக நிற்பது என்று முறையைத் தலைகீழாக்கினார்கள். சுமை தூக்கியவர்கள், மீன் விற்றவர்கள், கல்லூரி மாணவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. இப்போது பஞ்சாயத்துகளிலும் இதற்கு நர்ஸ் உண்டு, நிதி ஒதுக்கீடு உண்டு. ஆண்டுதோறும் ஜனவரி 15 கேரளத்தில் பாலியேட்டிவ் நாள். ராஜகோபால் பிறகு திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பைத் தொடங்கினார், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

2010-இல் எகானமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு நாற்பது நாடுகளில் மனிதர்கள் சாகும் தரத்தை ஒப்பிட்டுப் பட்டியல் போட்டது. இந்தியா கடைசி இடம். அதே அறிக்கை கேரளத்தைத் தனியாக எடுத்துப் பாராட்டியிருந்தது. நாட்டின் மக்கள்தொகையில் 3 சதவீதம் உள்ள மாநிலம், நாட்டின் பாலியேட்டிவ் சேவையில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்கிறது என்று.

இதையெல்லாம் பெருமையாகச் சொன்னபோது டீச்சர் முகம் கொடுக்கவில்லை. "கமிட்டியில் எத்தனை பெண்கள் என்று மாஷிடம் கேளுங்கள்," என்றார். புண் கழுவப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மேடையில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இதைப் பார்க்க எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போக வேண்டியதில்லை. நர்ஸின் சம்பளம் அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வாங்கக்கூடியதைவிடக் குறைவு. வளைகுடா மந்தமானால் உண்டியலும் மந்தமாகும். தொண்டர்களுக்கு வயதாகிறது, இளைஞர்கள் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போகிறார்கள்.

அரசியலும் உண்டு, கேரளத்தில் இல்லாமல் இருக்குமா? கண்ணூரில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஆதரவில் ஐ.ஆர்.பி.சி. என்ற பாலியேட்டிவ் அமைப்பு இயங்குகிறது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி அருகே முஸ்லிம் லீக் சார்புடைய சி.எச். சென்டர் நோயாளிகளுக்கும் கூட வந்தவர்களுக்கும் சோறு போடுகிறது. டி.ஒய்.எஃப்.ஐ. இளைஞர்கள் வீடு வீடாகப் பொதிச்சோறு வாங்கி மருத்துவக் கல்லூரி வாசல்களில் கொடுக்கிறார்கள். ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் செய்கிறார். நம் ஊரில் கட்சிகள் கட்-அவுட் உயரத்தில் போட்டி போடுகின்றன, அங்கே சோற்றுப் பொட்டலத்தில். எனக்கு அந்தப் போட்டியில் புகார் இல்லை.

மூன்றாவது வீட்டில் நோயாளி இல்லை. நாற்பது நாள் ஆகியிருக்கவில்லை என்று நினைக்கிறேன், சுவரில் அவர் படத்துக்கு மாலை புதிதாக இருந்தது. சிறுநீரகம் பழுதாகி நெடுநாள் கிடந்தவர். அந்த வீட்டுக்கு இன்னும் ஏன் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இறந்த பிறகும் சில முறை போய்ப் பார்ப்பது இவர்கள் வழக்கம். மனைவியும் மகளும் காத்திருந்தார்கள். அதுவரை வாரம் தவறாமல் வந்த வண்டி திடீரென்று நின்றுவிட்டால் அந்த வீடு இரண்டாம் முறை அனாதையாகும் என்றார் ஆட்டோக்காரர். அவர் அப்பாவும் இந்த வண்டியின் நோயாளியாக இருந்தவர் என்பதை அப்போதுதான் சொன்னார்.

நர்ஸ் மீந்துபோன மாத்திரைகளைக் கேட்டார். மகள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். வலி மாத்திரைகளை மட்டும் பிரித்து, இரண்டு முறை எண்ணி, நோட்டில் எழுதி, மனைவியிடம் கையெழுத்து வாங்கினார் நர்ஸ். எவ்வளவு துக்கம் நடந்த வீடானாலும் அந்தக் கணக்கு மட்டும் தப்பக் கூடாது. பிறகு ஆட்டோக்காரரும் நானும் தண்ணீர் மெத்தையையும் கம்மோடு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தோம். மெத்தையை அவர்கள் டெட்டால் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, பவுடர் தூவி மடித்து வைத்திருந்தார்கள். ஓரத்தில் பேனாவால் எழுதிய எண் இருந்தது. எந்த வீட்டில் எந்த மெத்தை இருக்கிறது என்பதற்கு அந்த எண்தான் அடையாளம். இந்த மெத்தை இதற்கு முன் யார் வீட்டில் இருந்தது என்று கேட்டேன். ஆட்டோக்காரர் விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, "உங்கள் மாமாவுக்குக் கொஞ்ச நாள் இதைத்தான் கொடுத்தோம் என்று நினைக்கிறேன். இல்லை, அது வேறாகவும் இருக்கலாம்," என்றார்.

நகர முடியாமல் கிடக்கும் உடம்பில், எலும்பு அழுந்தும் இடங்களில் ரத்தம் ஓடாமல் தோல் செத்துப் புண்ணாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தனியாக ஒரு பெண் இரவு பகலாக அதைச் செய்ய முடியாது. மெத்தையில் தண்ணீரோ காற்றோ நிரப்பினால் பாரம் பரவி அழுத்தம் குறையும். ஆனாலும் திருப்பிப் போடும் வேலை போகாது. அத்தைக்கு அந்த வேலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை வைத்து வந்திருக்கிறார்கள். அந்த முறையைப் போட்டுக் கொடுத்ததும் இந்த டீச்சர்தான். என்னிடம் அதைச் சொல்லவில்லை. நாங்கள் வெளியே வந்தபோது அந்த வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் இடையே நின்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார், அப்போது எனக்கு விளங்கியது.

கிளம்பும் நேரத்தில் மகள் வேன் அருகே வந்தாள். பி.எஸ்சி. முடித்துவிட்டுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். வியாழக்கிழமைகளில் தானும் வரலாமா என்று கேட்டாள். உடனே சரி என்று சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். டீச்சர் அவள் தோளைத் தட்டி, "இப்போது வேண்டாம் மோளே. ஒரு வருஷம் போகட்டும். முதலில் பரீட்சை எழுது," என்றார். வீட்டில் இழப்பு நடந்த கையோடு வருபவர்கள் அடுத்தவர் படுக்கையில் தங்கள் ஆளைத்தான் பார்ப்பார்கள் என்று வண்டியில் விளக்கினார். நன்றிக்கடனாக வருபவர்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். பழக்கத்துக்கு வருபவர்கள்தான் நிற்கிறார்கள். இருபது ஆண்டுக்கு மேல் இந்த வண்டியில் வந்துகொண்டிருப்பவர் சொல்வதால் நம்புகிறேன்.

சாயங்காலம் அலுவலகத்தில் உண்டியல் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மாணவர்கள் சில்லறையைப் பத்துப் பத்தாக அடுக்க, மாஷ் நோட்டில் எழுதினார். அத்தையின் பணம் எந்தக் கணக்கில் போனது என்று கேட்டேன். பொதுக் கணக்கில், டீசலும் மருந்தும் அரிசியும் எல்லாம் அதிலிருந்துதான் என்றார். அத்தையின் பெயரில் யாருக்காவது ஒரு நாள் சாப்பாடு என்று எழுதலாமே என்றேன், நம் ஊர் அன்னதானப் பலகைகள் நினைவில். அப்படி எழுதுவதில்லை என்றார். ரசீதில் பெயர் இருக்கிறதே, போதாதா?

இரவு கூடலூர் வந்து அத்தையிடம் ரசீதைக் கொடுத்தேன். "சொன்னியா?" என்றாள். சொன்னேன் என்றேன். "என்ன சொன்னாங்க?" மாஷ் சொன்னதைச் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "அது எப்படிப்பா, சொல்லாம இருக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த முறை தானே போகப்போவதாகச் சொன்னாள். போகட்டும். அவளுக்கு வண்டியில் வரும் அந்த நான்கு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

கேரளத்தில் இருப்பது தமிழ்நாட்டில் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்திருக்கின்றன. நர்ஸ் வருவார், மருந்து வரும். அங்கே நான் பார்த்ததில் இங்கே குறைவது பக்கத்து வீடு. அரசாங்கத்தின் நர்ஸ் வந்துபோன பிறகு மீதி நேரத்துக்கு யார் இருக்கிறார்கள், படுத்திருப்பவரின் மனைவி குளிக்கப் போகும் அரை மணி நேரம் யார் உட்காருகிறார்கள் என்பது எந்தத் திட்டத்திலும் வராது. அதை ஒரு தெருவில் நான்கு பேர் பேசி முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் தெருவில் யாராவது நெடுநாளாகப் படுத்திருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். வலிக்கு மருந்து உண்டு என்று அந்த வீட்டுக்குச் சொல்லுங்கள். பலருக்கு அதுவே தெரியாது. உங்கள் வீட்டில் யாரோ பயன்படுத்திவிட்டுப் போன தண்ணீர் மெத்தையோ வாக்கரோ சக்கர நாற்காலியோ பரணில் கிடந்தால், அதை அங்கேயே மக்கவிடாமல் தேவைப்படுகிறவர்களிடம் சேர்த்துவிடுங்கள். மெத்தையைக் கழுவி, நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள்.